மீன்கல்லைத் தாண்டாத கடல்

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஐஸ் தொழிற்சாலை ஈரத்தில் நாள் முழுக்க நிற்காதே என்று நானும் தொண்டை வற்றச் சொல்கிறேன், நீயா கேட்கப்போகிறாய்? அத்தானின் இருமல் குறைந்ததா?

புத்தகம் வந்துவிட்டது அக்கா! இத்துடன் இரண்டு பிரதிகள் அனுப்பியிருக்கிறேன். ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு என்று முறைக்காதே. ஒன்றில் அத்தானுக்கென்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போன வருடம் உங்கள் மாடியறையில் தங்கி, அவர் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் போகும் இடமெல்லாம் வால் பிடித்துக்கொண்டு அலைந்தேனே, அந்த அலைச்சல்தான் புத்தகத்தில் பாதி. நம் ஊர்த் துறைமுகத்துக்கு இதுவரை ஒழுங்கான வரலாறே இல்லை என்று இங்கே பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆற்று மண் வந்து துறைமுகம் தூர்ந்துபோனது, கப்பல்கள் வேறு கரையைப் பார்த்துப் போனது, சுங்கச்சாவடி இடிந்தது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஆழம் பார்க்கக் கடலில் இறக்கும் ஈயக்குண்டில் ஒட்டிவரும் சேற்றை நாக்கில் வைத்துப் பார்த்தே கப்பலுக்கு வழி சொன்ன பார்வையில்லாத மாலுமியின் கதையும் இருக்கிறது.

ஆனால் எல்லோரும் பேசுவது மீன்கல்லைப் பற்றித்தான். பழைய துறைமுகச் சுவரைக் கட்டக் கட்டக் கடல் இடித்துத் தள்ளியதும், தலைமைக் கொத்தரின் மனைவி தண்ணீரில் இறங்கிக் கடலோடு வழக்குப் பேசியதும், கடைசியில் கடல் "இந்த மீன் வரைக்கும்தான் வருவேன்" என்று வாக்குக் கொடுத்ததும், அதற்கு அடையாளமாகச் சுவரின் கல்லில் மீன் செதுக்கியதும் அத்தான் சொன்னபடியே இருக்கின்றன. கடைசி வரி மட்டும் என்னுடையது: "ஆயிரம் ஆண்டுகளாகக் கடல் அந்த வாக்கை மீறியதில்லை." பத்திரிகை மதிப்புரையில் அந்த வரியை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

படித்துவிட்டு எழுது. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். முழங்கால் அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது சட்டை உன்னைப் போட்டிருந்தது போல இருந்தது.

புத்தகம் பார்க்க அழகாக இருக்கிறது. அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் தொழிற்சாலைக்கே எடுத்துப் போய்விட்டேன். ஈரக்கையோடு யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டுத்தான் காட்டினேன்.

உன் அத்தான் முதல் நாள் தலைகால் புரியாமல் இருந்தார். மீன்கல் பக்கம் வந்ததும் சிரித்தார். கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

உனக்கு நான் அப்போதே ஜாடையாகச் சொன்னேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது நேராகவே சொல்கிறேன். அது அவர் அடித்துவிட்ட கதை. ஒரு மழை நாளில் பயணிகள் பாதியிலேயே பஸ்ஸுக்குத் திரும்பப் பார்த்தார்கள். ஒரு பொண்ணு, "கல்லுல ஏன் மீன் இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். இவருக்கும் தெரியாது, இந்த ஊரில் எவருக்கும் தெரியாது. எந்தக் கொத்தனாவது சாப்பாட்டு நேரத்தில் பொழுது போகாமல் செதுக்கியிருப்பான். இவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், கூட்டம் நின்று கேட்டது. அன்றிலிருந்து அது கதையாகிவிட்டது. அந்தப் பார்வையில்லாத மாலுமி கதை வேறு, அது நிஜம். அவரை இவருடைய தாத்தாவே பார்த்திருக்கிறார்.

ஆயிரம் ஆண்டு என்று எழுதியிருக்கிறாயே, நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாம் ஒளிந்து விளையாடிய பழைய கல்லறைகளை மறந்துவிட்டாயா? வரிசை வரிசையாக எல்லாவற்றிலும் ஒரே தேதி. கடல் ஏறாமல் ஒரே நாளில் அத்தனை பேர் எப்படிச் செத்தார்கள்?

அடுத்து அச்சடிக்கும்போது அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. அவராகக் கேட்கமாட்டார். கூச்சப்படுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் போடாததற்குத் திட்டாதே. வேலை தலைக்குமேல். நீங்கள் இருவரும் நலம்தானே?

நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன். எல்லாக் கதையையும் யாரோ ஒருவர் ஒருநாள் முதல் தடவையாகச் சொல்லியிருப்பார். தானே புதிதாகச் சொன்னதாக அத்தான் நினைத்துக்கொண்டிருக்கலாம். சின்ன வயதில் எங்கோ கேட்டது அடிமனதில் கிடந்து வெளியே வந்திருக்கலாம். எங்கள் துறையில் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். அந்தக் கல்லறைகள் கொள்ளைநோய்க் காலத்தவையாக இருக்கலாம்.

இன்னொரு செய்தி. ஏழாம் வகுப்புப் பாடத்தில் மீன்கல் கதையைச் சேர்க்கிறார்கள். என் பெயரோடு! இந்த நேரத்தில் போய், "அது என் அக்கா வீட்டுக்காரர் மழைக்கு ஒதுங்கியபோது சொன்னது" என்று நான் எப்படிச் சொல்வது? கொஞ்சம் யோசி.

இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போய்விட்டது. மாற்ற முடியவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்தாய், நல்லது. இருமல் போகவில்லை. ஆனால் இப்போது அவர் இருமுவது இருமலால்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பேச வேண்டிய இடத்திலெல்லாம் இருமுகிறார்.

சுவரடித் தெருவைக் காலி செய்யச் சொல்லி நகராட்சி ஆணை போட்டது. துறைமுகச் சுவரை ஒட்டி முதுகோடு முதுகாக இருக்கும் வீடுகள். உனக்குத் தெரியாததா? கடல் ஏறினால் ஆபத்து என்பது ஆணையில் இருந்த காரணம். அங்கே படகு நிறுத்துமிடமும் விடுதியும் கட்டப்போகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த காரணம். அந்தத் தெருவில் ஒரு தையல்காரி இருக்கிறாள். எங்கள் தொழிற்சாலை ஆட்களுக்குக் கனத்த துணியில் மேலங்கி தைப்பவள். கணவன் கடலோடு போனவன், இரண்டு பையன்கள். வாய் இருக்கிறதே, கத்தரிக்கோலைவிடக் கூர்மை. அவள் உன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போய்விட்டாள்.

"கடல் ஏறாதுன்னு பல்கலைக்கழகத்துக்காரர் எழுதியிருக்கார். உங்க பிள்ளைங்க பாடத்துலயும் வரப்போகுது. அவர் பொய் சொல்றாரா, நீங்க பொய் சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அதிகாரிக்கு வாயடைத்துவிட்டது. ஆணையை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தெருவே திரண்டு வந்து உன் அத்தானைத் தோளில் தூக்காத குறையாக அழைத்துப் போனது. கதையைச் சொல்லச் சொன்னார்கள். எல்லோருடைய முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். வீடு பிழைத்த சந்தோஷம். அவர் என்ன செய்வார், பாவம்? சொல்லிவிட்டு வந்தார்.

"அவங்க வீடு நிக்குதே, அது போதாதா?" என்று என்னிடம் கேட்டார். நானும் போதும் என்றுதான் சொன்னேன். நகராட்சி செய்வது அநியாயம் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை தம்பி. இப்போது கல்லுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் உன் வரி இருக்கிறது.

உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஒரு புத்தகம் ஒரு தெருவையே காப்பாற்றும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இங்கே நண்பர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

இனி நீயே அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லமாட்டாய். எடுத்தால் நாளைக்கே அவர்களைத் தெருவில் நிறுத்திவிடுவார்கள், இல்லையா? அத்தானிடம் இதைச் சொல். குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. புத்தகத்துக்கு ஒரு பரிசும் கிடைக்கும் போலிருக்கிறது. இப்போதைக்கு வெளியே சொல்லாதே.

இருவரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உன் தம்பி

*

செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

போன வாரம் இங்கே ஒரு காற்று அடித்தது. பெரிய புயல் இல்லை. ஆனாலும் தாழ்வான தெருக்களைக் காலி செய்யச் சொல்லி வானொலியில் அறிவித்தார்கள். மேட்டுத் தெருவில் எங்கள் வீட்டுக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். சுவரடித் தெருவிலிருந்து மட்டும் ஒருவர் வரவில்லை. சுவர் மேல் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் மீனுக்கு ஒரு முழம் கீழே வரை வந்து, அப்படியே இறங்கிப் போய்விட்டது. அவர்கள் கைதட்டினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். இனி அவர்களிடம் யார் என்ன சொன்னாலும் எடுபடாது.

உன் அத்தான் அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு நேரே தையல்காரியிடமே போனார். நானும் கூடப் போனேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது நான் அடிச்சுவிட்ட கதைம்மா. மழைல ஆளுங்க போயிடக் கூடாதேன்னு சொன்னது. கடலாவது, வாக்காவது. அடுத்த தடவை வெளிய வந்துடுங்க."

அவள் மெஷினை நிறுத்தினாள். "யாருண்ணா உங்களை மிரட்டினது? நகராட்சிக்காரனா?"

"யாரும் மிரட்டல. நிஜமாத்தான் சொல்றேன்."

"பயப்படாதீங்க. தெருவே உங்க பின்னாடி நிக்கும். உங்க மச்சான் எவ்வளவு படிச்சவர். விசாரிக்காம புத்தகத்துல போடுவாரா?" என்று சொல்லிவிட்டு, எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெருவில் கையைப் பிடித்ததே இல்லை.

தம்பி, அவர் சொன்னால் நம்ப மாட்டார்கள். நீ சொன்னால்தான் நம்புவார்கள். உன் பெயர் போட்டு நாலே வரி அச்சில் வரவேண்டும். கதை கட்டுக்கதை, கடல் சுவரைத் தாண்டும், எச்சரிக்கை வந்தால் வெளியேறுங்கள். அவ்வளவுதான். வீடு போகாமலிருக்க வேறு வழியில் சண்டை போடலாம். உயிரோடு இருந்தால்தானே சண்டை போடுவது? மழைக்காலம் வருகிறது. அதற்கு முன்னால் செய். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா

*

அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. பதிப்பாளரிடம் பேசினேன். பரிசளிப்பு விழா நவம்பர் கடைசியில். அது முடிந்ததும் மூன்றாம் பதிப்பில் ஒரு அடிக்குறிப்பு போட்டுவிடலாம் என்கிறார். "இக்கதையின் தொன்மை ஆய்வுக்குரியது" என்று. உனக்குத் திருப்திதானே?

அவசரமாக எழுதுகிறேன். அத்தானின் இருமலுக்கு ஒரு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி

*

நவம்பர் 25

அக்கா,

வானொலியில் புயல் செய்தி கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து நாளில் இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் கிடைத்தனவா? ரயில் நம் ஊர் வரை போகவில்லை என்கிறார்கள். பத்திரிகையில் துறைமுகச் சுவர் நடுவில் பிளந்து கிடக்கும் படம் வந்திருக்கிறது. உங்கள் தெரு மேடு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் மேட்டில் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

விழாவுக்கு நான் போகவில்லை. நீ கேட்ட நாலு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டேன்.

ஒரு வார்த்தை எழுது. நலம் என்று மட்டும் எழுது. போதும்.

தம்பி

*

டிசம்பர் 16

தம்பிக்கு,

உன் மூன்று கடிதங்களும் ஒன்றாக வந்தன. நலம் என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒரு காயமும் இல்லை.

இவ்வளவு நாள் எழுத நேரமில்லை. எங்கள் குளிர் அறைகளில் மீனை எல்லாம் வெளியே அள்ளிக் கொட்டிவிட்டு, சுவரடித் தெரு ஆட்களை வைத்திருந்தோம். ஊரில் வேறு குளிர்ந்த இடம் இல்லை. அடையாளம் காட்ட வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது என் வேலையாக இருந்தது. முதலில் வந்தவர்களுக்குத் துணி விலக்கிக் காட்டினேன். பிறகு முகத்தை மட்டும் காட்டப் பழகிக்கொண்டேன். குழந்தைகளை ஒரு ஓரமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

உன் அத்தானை நான்காம் நாள் கொண்டுவந்தார்கள். யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை. நான்தான் கதவைத் திறந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் எச்சரிக்கை வந்தது. பயணிகளிடம் பேச வைத்திருப்பாரே கை ஒலிபெருக்கி, அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருவில் ஒவ்வொரு வாசலாகக் கத்தியிருக்கிறார். யாரும் அசையவில்லை. கடைசியில் சுவர் மேல் ஏறி, மீன்கல்லுக்கு மேலே நின்று, காலால் ஓங்கி ஓங்கி மிதித்து, "இதுல ஒண்ணுமில்ல! வெறுங்கல்லு! நான்தான் பொய் சொன்னேன்! ஓடுங்க!" என்று கத்தினாராம். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கொஞ்சம் பேர் கல்லைப் பழிக்காதே என்று சண்டைக்கு வந்தார்கள். இரண்டு குடும்பங்கள் மட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பின. மதியம் தண்ணீர் சுவரைத் தாண்டியது. அவர் தையல்காரியையும் அவளுடைய சின்னப் பையனையும் இழுத்துக்கொண்டு வந்து மேட்டில் விட்டார். பெரியவனுக்காகத் திரும்பிப் போனார்.

சுவர் நடுவில் உடைந்தது. மீன்கல் இருக்கும் பகுதி அப்படியே நிற்கிறது.

இப்போது ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? அவர் கல்லை மிதித்தார், பொய் என்று சொன்னார், அதனால்தான் கடல் கோபித்துக்கொண்டு ஏறியது என்கிறார்கள். ஆயிரம் வருஷமாக வராத தண்ணீர் அவர் மிதித்த அன்றைக்கு வந்ததே என்கிறார்கள். தையல்காரியும் அதையேதான் சொல்கிறாள். தன் பெரிய பையனைத் தேடி வந்தபோது என் முகத்துக்கு நேரேயே சொன்னாள். "உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு வராம இருந்திருந்தா என் பிள்ளை இருந்திருப்பான் அக்கா." பையனுடைய முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் காட்டினேன்.

உன் நாலு வரியைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். செப்டம்பரிலும் இதே நாலு வரிதான்.

இங்கே வா. வந்து அதை அவர்களுக்கு நேரில் படித்துக் காட்டு. மிச்சமிருப்பவர்கள் உடைந்த வீடுகளை அதே இடத்தில் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா

*

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நகரத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். நெற்றியில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள். தழும்பு நிற்கும் என்கிறார் மருத்துவர். நிற்கட்டும்.

ரயிலில் வரும் வழியெல்லாம் அந்தத் தெருதான் கண்ணில் நின்றது. நான் அந்த நாலு வரியைப் படிக்க ஆரம்பித்ததும் அவர்கள் அமைதியாகத்தான் கேட்டார்கள். "அப்படின்னா என் மகன் எதுக்குச் செத்தான்? ஒரு வெறுங்கதைக்கா?" என்று அந்தத் தையல்காரி கேட்டாளே, அதற்கு ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. "போயிடுங்க, கடல் கேட்டுட்டிருக்கு" என்று அவள் சொன்ன பிறகுதான் முதல் கல் வந்தது. உன்னால்தான் உயிரோடு வந்தேன்.

புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டோம். பாடத்திலிருந்தும் எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். அதனால் என்ன? அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கதவுகளில் ஒட்டிவைத்திருக்கிறார்களே, அதை நான் எப்படித் திரும்பப் பெறுவது?

அக்கா, நீ அங்கே தனியாக இருக்காதே. இங்கே வந்துவிடு. கால் பிடித்துக் கேட்கிறேன். அத்தானைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நீ அந்த ஊரில் எப்படி நடமாடுகிறாய்?

உன் தம்பி

*

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

காயம் ஆறியதில் நிம்மதி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நான் அங்கே வருவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நேற்று முன்தினம் மறுபடியும் எச்சரிக்கை வந்தது. பருவம் தப்பிய புயல், நேராக இங்கேதான் வருகிறது, இன்று இரவு கரையைத் தொடும் என்றார்கள். நான் சுவரடித் தெருவுக்குப் போனேன். என்னைக் கண்டதும் கதவுகளைச் சாத்தினார்கள். தையல்காரி மட்டும் வாசலில் நின்றாள். இந்தத் தடவை கடல் ஏறாது, ஏனென்றால் இப்போது கல்லைப் பழிப்பவர்கள் யாரும் இல்லை என்றாள். கல்லைக் கழுவிச் சுத்தம் செய்திருந்தார்கள். உன் அத்தான் கால் பட்ட இடத்தைத் தனியாகச் சுரண்டித் தேய்த்திருந்தார்கள். சின்னப் பையன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றான். உன் அத்தான் தூக்கிக்கொண்டு வந்த பையன்.

உண்மையைச் சொல்லி அவர் செத்தார். உண்மையைச் சொல்லி நீ அடிபட்டாய். நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நன்றாக வாய்விட்டு அழுதேன். அவர் செத்த பிறகு அழ எனக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை.

நேற்று அதிகாலையில் கடல் வற்றியிருந்தபோது, தொழிற்சாலையில் ஐஸ் கட்டி உடைக்கும் உளியையும் சுத்தியலையும் பைக்குள் வைத்துக்கொண்டு பழைய படகுப் படிக்கட்டில் இறங்கினேன். காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஐஸ் உடைக்கிற கைக்குக் கல் ஒன்றும் பெரிய விஷயமில்லை. வாலில் ஆரம்பித்தேன். தலைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. எவ்வளவு பழையது தம்பி அது! எவனோ ஒருவன் கண்ணுக்கு ஒரு சின்னப் புள்ளி வைத்து, செவுளுக்கு ஒரு வளைவு வைத்து, எவ்வளவு ஆசையாகச் செதுக்கியிருந்தான். உன் அத்தான் அதை எத்தனை ஆயிரம் பேருக்குக் காட்டியிருப்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தடமே தெரியாமல் கொத்தி, கடல் மண்ணைப் பூசித் தேய்த்துவிட்டேன். சில்லுகளைத் தண்ணீரில் போட்டேன்.

விடிந்ததும் ஒரு பெண் அலறிய சத்தம் எங்கள் தெரு வரை கேட்டது. தெருவே போய்ப் பார்த்தது. நானும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றேன். ஆண்கள்கூட அழுதார்கள். தையல்காரி கல்லைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"மீன் எங்க அக்கா?" என்று என்னைக் கேட்டாள். குழந்தை கேட்பது போலக் கேட்டாள்.

"போயிடுச்சு. இந்தத் தடவை தன்னால முடியாதுன்னு தெரிஞ்சு போயிடுச்சு. நீங்களும் போங்க" என்றேன்.

"ஏன் போச்சு?"

"இவரைத் தேடிப் போயிருக்கும். உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தவரை விட்டுட்டோமேன்னு போயிருக்கும்."

எப்படி அது என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து உன் அத்தான் பேரைச் சொல்லி அழுதாள். அவள் அழுததும் எல்லோரும் அழுதார்கள். அவர் அன்றைக்குக் கல்லை மிதித்தது மீனை எழுப்பத்தான் என்று ஒரு கிழவர் சொன்னார். ஆமாம், ஆமாம் என்றார்கள். மதியத்துக்குள் தெரு காலியாகிவிட்டது. தையல் மெஷினை நாலு பேர் சேர்ந்து மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அது இப்போது நம் கூடத்தில் இருக்கிறது. பக்கத்தில் பையன் தூங்குகிறான். உன் மாடியறையில் இரண்டு குடும்பங்கள்.

இதை முடிக்கும்போது காற்று பலமாகிவிட்டது. ஜன்னல்களை எல்லாம் கட்டியாகிவிட்டது. தபால்காரர் எப்போது வருவாரோ தெரியாது, வரும்போது போய்ச் சேரட்டும்.

நீ வரலாற்றுக்காரன். யாராவது உன்னிடம் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்பார்கள். மீன் போய்விட்டது என்று மட்டும் சொல்.

அக்கா